திரும்பி வரும் நோயும் நம் சாட்சி இலக்கியமும்

நம் கத்தோலிக்க ஏடுகளில் மிகுதியாக வாசிக்கப்படும் பகுதி எது என்று கேட்டால், தலையங்கம் என்றோ மறைக்கல்விக் கட்டுரை என்றோ சொல்ல நான் துணியமாட்டேன். கடைசிப் பக்கங்களில் சிற்றெழுத்தில் அச்சாகும் நன்றியறிதல்களும் சாட்சிகளுமே மக்கள் முதலில் புரட்டிப் பார்ப்பவை. கண்ணாடி தேடும் முதியவர்கள்கூட அப்பக்கத்திற்காகவே தேடுகிறார்கள். ஆயினும் நம் திறனாய்வாளர்கள் இப்பகுதியை இலக்கியமாகக் கருதியதில்லை. காப்பியத்தையும் நாடகத்தையும் ஆராய்வோர், ஒரு தாய் தன் கைப்பட எழுதி அஞ்சலில் சேர்த்த அரைப் பக்கத்தை ஆராய்வதில்லை. நம் மக்கள் தங்கள் நம்பிக்கையைத் தாங்களே எந்த வடிவில் கண்டுகொள்கிறார்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறு கிடையாது என்பது என் எண்ணம். ஆகவே இச்சாட்சிகளை ஓர் இலக்கிய வகையாகவே எடுத்துக்கொண்டு, அதனுள் ஒருவருக்கு மட்டும் இடமில்லாமற் போனது ஏன் என்று பார்க்க முற்படுகிறேன். புற்றுநோய் ஒருமுறை வந்து, நீங்கி, மறுபடியும் வந்தவரே அவர்.

சாட்சியின் அமைப்பு நாம் அறிந்ததுதான். நோய் வருகிறது, மருத்துவர் கைவிரிக்கிறார், நவநாளோ, திருயாத்திரையோ, தியான மையத்தில் தலைமேல் கை வைத்து வேண்டுதலோ நிகழ்கிறது, அடுத்த பரிசோதனையில் நோயைக் காணோம். பின்பு நன்றி. இவ்வமைப்பில் பழிக்கத்தக்கது ஒன்றுமில்லை. நன்மை பெற்றவன் திரும்பி வந்து நன்றி சொல்வதை ஆண்டவரே எதிர்பார்த்தார் என்பதைப் பத்துத் தொழுநோயாளரின் நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது. குறை வேறோரிடத்தில் இருக்கிறது. சாட்சியின் கடைசி வினைச்சொல் எப்போதும் இறந்த காலத்தில் நிற்கிறது. குணமானேன், விடுபட்டேன், முடிந்தது. அந்த வாக்கியத்திற்குப் பிறகு அந்த உடல் வாழப்போகும் ஆண்டுகளைப் பற்றி அந்த அரைப் பக்கத்திற்குக் கவலையில்லை.

நான் இதை எழுதும் ஆனைக்குட்டம், அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை கட்டப்பட்ட ஊர். சுற்றிலும் ஊரார் தீப்பெட்டி ஆபீஸ் என்றும் பயர் ஆபீஸ் என்றும் சொல்லும் ஆலைகள். இவ்வட்டாரத்தார் சாவைப் பற்றி நினைக்கும்போது அது ஒரு நொடியில் வருவதாகவே நினைப்பார்கள். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரை எடுத்துக்கொண்ட வெடிவிபத்தை நினைவில் வைத்திருப்போர் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அத்தகைய சாவுக்கு இங்கே ஒப்பாரி உண்டு, இழப்பீட்டுக் கணக்கு உண்டு, பத்தாண்டு கழித்தும் பேசுவதற்குச் சொற்கள் உண்டு. ஆனால் மூன்றாண்டு நன்றாயிருந்து நான்காம் ஆண்டில் திரும்பும் நோய்க்கு ஊரிடம் சொல் கிடையாது. மார்பில் வந்த கட்டியை அகற்றி, மருந்தேற்றி, கதிர்வீச்சும் முடித்து, தலைமுடி மறுபடி வளர்ந்த பின், ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்ன ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகுவலி என்று போனவளுக்கு எலும்பில் நோய் பரவியிருக்கிறது என்று சொல்லப்படுகிறது. குழாயடியில் யாராவது கேட்பார்கள்: “மதினி, அன்னைக்குச் சாட்சியெல்லாம் சொன்னீகளே, பெறகும் ஏன் வந்துச்சு?” கேட்பவளிடம் வஞ்சமில்லை. அந்தக் கேள்வியை அவள் வாயில் வைத்தது நம் சாட்சி இலக்கியம்தான். நலம் பெற்றதற்குக் காரணம் விசுவாசம் என்று எழுதிப் பழகிய பின், நலம் நிலைக்காமற் போனால் குறை எங்கே என்று தேடுவது இயல்புதானே?

இக்கேள்விக்குப் பயந்து நோயை மறைப்போர் உண்டு. அதைவிடக் கேடானது ஒன்றும் உண்டு. மார்பகப் புற்றுநோயில் ஒருவகைக்கு அறுவைக்குப் பின் ஐந்தாண்டும் அதற்கு மேலும் தினம் ஒரு மாத்திரை உட்கொள்ளவேண்டும். நான் முற்றும் குணமானேன் என்று மக்கள் முன்னிலையில் அறிவித்தவர், மறுநாள் காலையில் அந்த மாத்திரையைக் கையிலெடுக்கும்போது தன் சொல்லையே தான் நம்பவில்லையோ என்று கூசுகிறார். ஒரு வாக்கியத்தின் வினைமுற்று ஒருவர் மருந்தை நிறுத்தச் செய்யுமளவுக்கு வலுவுள்ளது என்றால், அதை இலக்கண விவகாரம் என்று ஒதுக்க முடியாது.

நோய் திரும்புவது எதனால் என்பதை மருத்துவம் பெருமளவு விளக்கியிருக்கிறது. கத்திக்கும் கதிருக்கும் மருந்துக்கும் தப்பிய சில உயிரணுக்கள், எந்தக் கருவியும் காணமுடியாத சிறுமையில் எங்கோ தங்கிவிடுகின்றன. சில காலம் உறங்கிக் கிடந்து பின் பெருகுகின்றன. சிலவகை நோய்கள் பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் தலைகாட்டுவதுண்டு. நோயாளி செய்த பாவமோ செய்யாத செபமோ அதற்குக் காரணமாவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரம் முப்பதாண்டு அவருள் கிடந்து, 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையாக எழுந்தது. அத்தகைய மருத்துவமனையில் நோயாளியின் கோப்பு சிகிச்சை முடிந்ததும் மூடப்படுவதில்லை. மூன்று மாதத்திற்கொருமுறை, ஆறு மாதத்திற்கொருமுறை, பின்பு ஆண்டுதோறும் என்று அதில் தாள் சேர்ந்துகொண்டே போகும். மருத்துவரின் கோப்பில் பின்வரும் தாள்களுக்கு இடமிருக்கிறது. நம் சாட்சியில் இல்லை.

நம் திரைப்படங்களிலும் அதற்கு இடமில்லை என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். புற்றுநோய் என்ற சொல்லைத் தமிழகத்தின் சிற்றூர்களுக்கு அறிமுகப்படுத்தியதில் திரைப்படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962இல் வந்தது. அதில் அறுவை வெற்றி பெறுகிறது; நோயாளி பிழைக்கிறார்; உயிரைக் கொடுப்பவர் மருத்துவர். பிழைத்த அந்தக் கணவரின் ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனை எப்படியிருந்தது என்று எவரும் கேட்டதில்லை. இருபதாண்டு கழித்து 1982இல் வந்த ‘வாழ்வே மாயம்’ படத்தில் நோய் என்பது காதலனின் தியாகத்திற்கு ஒரு சாக்கு. ஒன்றில் ஒரே அறுவையில் நோய் ஒழிகிறது. மற்றொன்றில் ஒரே அறிவிப்பில் வாழ்வு ஒழிகிறது. இரண்டிலும் நோய் ஒரேமுறைதான் வருகிறது. சாட்சிக்கும் சினிமாவுக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு இருக்குமென்று நாம் எண்ணியிருக்கமாட்டோம்.

இனி, இவ்வமைப்பை மீறிய எழுத்து உண்டா என்று பார்ப்போம். என் வாசிப்பில் இரண்டு தென்பட்டன. முதலாவது கத்தோலிக்கருடையதன்று. ஆங்கிலிக்க சபையைச் சேர்ந்த சி. எஸ். லூயிஸ் எழுதியது.

லூயிஸின் மனைவி ஜாய் டேவிட்மனுக்கு 1956 அக்டோபரில் புற்றுநோய் கண்டது. தொடை எலும்பை நோய் அரித்துவிட்டிருந்தது. 1957 மார்ச் 21ஆம் நாள் மருத்துவமனைப் படுக்கையருகே பீட்டர் பைட் என்ற குரு அவர்களுக்குத் திருமணம் நடத்தி, நோயாளியின் மேல் கை வைத்து மன்றாடினார். எவரும் எதிர்பாராத வண்ணம் அப்பெண்மணி தேறினார், எழுந்து நடந்தார். 1959ஆம் ஆண்டு சனவரியில் ‘தி அட்லாண்டிக்’ என்ற அமெரிக்கத் திங்களிதழில் செபத்தின் பயனைப் பற்றி லூயிஸ் ஒரு கட்டுரை வெளியிட்டபோது, அவர் யார் என்று சொல்லாமலேயே இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார். அதாவது, ஒரு சாட்சி எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் நோய் திரும்பியிருப்பது தெரிந்தது. 1960 சூலை 13ஆம் நாள் ஜாய் இறந்தார்.

இந்தத் தேதிகளை நான் வரிசையாகத் தருவதற்குக் காரணம் உண்டு. அச்சான சாட்சி பத்து மாதத்திற்குள் பொய்த்தது என்று எவரும் சொல்லக்கூடும். ஆனால் அக்கட்டுரையை இன்று எடுத்து வாசிப்பவர், அதில் திருத்தவேண்டிய வரி எதையும் காணமாட்டார். ஏன்? தாம் கண்டதை எழுதிய லூயிஸ், அதனால் செபம் பலித்தது என்று நிறுவப்பட்டதாகச் சொல்ல மறுத்தார். செபத்தை ஒரு பொறியைப் போல் இயக்கி விளைவை அளக்க முடியாது என்பதே அவர் வாதம். கெத்சமனியில் மன்றாடியவர் கேட்டது கிடைக்கவில்லை என்பதை அவர் அக்கட்டுரையிலேயே நினைவூட்டினார். நன்றியை முழுமையாகச் சொல்லி, முடிவை மட்டும் சொல்லாமல் விட்ட சாட்சி அது. நோய் திரும்பியபோது அந்த எழுத்து குலையவில்லை.

மனைவியின் மறைவுக்குப் பின் அவர் எழுதிய குறிப்புகள் 1961இல் புனைபெயரில் நூலாக வந்தன. ‘எ கிரீஃப் அப்சர்வ்ட்’ என்ற அந்நூலைத் தமிழில் ‘உற்றுநோக்கிய துயர்’ எனலாம். கடவுளிடம் அவர் கொள்ளும் சினம் அதில் மறைக்கப்படவில்லை. பக்தி நூல்களை மட்டும் வாசித்துப் பழகிய நம்மவர் சிலருக்கு அது அதிர்ச்சி தரலாம். எனினும் அதிலுள்ள நேர்மையைப் போற்றிக்கொண்டே ஒன்று சொல்வேன்: நூல் சாவுக்குப் பின்பு தொடங்குகிறது. நோய் திரும்பியது தெரிந்த நாளிலிருந்து இறந்த நாள் வரையுள்ள ஏறத்தாழ ஒன்பது மாதங்கள், அவர்கள் இருவரும் கிரேக்க நாட்டுக்குப் பயணம் சென்று வந்த மாதங்கள், அங்கங்கே நினைவாக மட்டுமே தலைகாட்டுகின்றன. திரும்பிய நோயோடு வாழ்வது எப்படி என்பதை அறிய நாம் வேறு நூலைத் தேட வேண்டியிருக்கிறது.

சிக்காகோ பேராயர் கர்தினால் யோசேப் பெர்னார்தின் எழுதிய ‘தி கிஃப்ட் ஆஃப் பீஸ்’ அத்தகைய நூல். ‘அமைதி என்னும் கொடை’ என்று தமிழில் வழங்கலாம். 1995 சூனில் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் கண்டு அறுவை நடந்தது. மருந்தும் கதிர்வீச்சும் பெற்றுப் பணிக்குத் திரும்பினார். 1996 ஆகஸ்டு இறுதியில், நோய் கல்லீரலுக்குப் பரவித் திரும்பிவிட்டது, இனி அறுவைக்கு வழியில்லை என்று அவரே செய்தியாளரை அழைத்து அறிவித்தார். நூலின் பெரும்பகுதி அதற்குப் பின்னைய இரண்டு மாதங்களில் உருவானது. 1996 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழாவன்று அதை முடித்தார். நவம்பர் 14ஆம் நாள் இறந்தார். அப்போது அவருக்கு அகவை 68. நூல் 1997இல் வெளியாயிற்று.

இந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர்மீது 1993இல் சுமத்தப்பட்ட பொய்க் குற்றச்சாட்டையும், குற்றம் சாட்டியவரையே அவர் தேடிச் சென்று ஒப்புரவானதையும் எடுத்துரைப்பார்கள். அது நெஞ்சைத் தொடும் பகுதிதான். என்னை நிறுத்தியது வேறொன்று. கல்தச்சரான அவருடைய தந்தையும் புற்றுநோயால் இறந்தவர்; அப்போது சிறுவனுக்கு ஆறு வயது. தோளில் அறுவை முடிந்து கட்டுப் போட்டிருந்த தந்தை, தாழ்வாரக் கம்பியிலிருந்து மகன் தவறி விழுந்ததைக் கண்டு தாவிக் குதித்து அவனை வாரியெடுத்தார். அந்தச் சட்டையில் இரத்தம் ஊறிப் பரவியதைச் சிறுவன் பார்த்தான். தம் நோயைப் பற்றி எழுத வந்த கர்தினால் இந்த நினைவிலிருந்து தொடங்குகிறார். நோயாளியாகிய தந்தை இங்கே இரக்கத்திற்குரியவராக வரவில்லை, காப்பவராக வருகிறார். நோயாளி என்றால் படுத்துக் கிடப்பவர், நாம் அவருக்குச் செய்பவர் என்ற கணக்கு ஒரே பத்தியில் தலைகீழாகிறது. நம் சாட்சிகளில் இப்படியொரு காட்சியை நான் கண்டதில்லை. இத்தனைக்கும் நம் வீடுகளில் அது நாள்தோறும் நிகழ்வது. மருந்தேற்றிக்கொண்டு வந்த தாய் மறுநாள் விடியலில் பிள்ளைக்குப் பள்ளிச் சாப்பாடு கட்டுகிறாள்.

இன்னொரு செய்தியும் நூலில் உண்டு. வலி மிகுந்த நாட்களில் தம்மால் செபிக்கவே முடியவில்லை என்று கர்தினால் ஒளிவின்றி எழுதுகிறார். நலமாயிருக்கும்போதே செபித்துக்கொள்ளுங்கள், நோயில் அதற்கு வலு இருக்காது என்று தம்மைக் காண வந்தோரிடம் சொன்னாராம். செபமாலையின் மணிகள் விரலில் நகரவில்லையே என்று படுக்கையில் கிடந்து தம்மைத் தாமே குற்றம் சாட்டிக்கொள்ளும் எத்தனையோ பேருக்கு இந்த ஒரு செய்தியே பெரும் ஆறுதல். ஒரு மறையுரையில் இதைச் சொன்னால் என்ன? தவிர, சாவை நண்பனாகக் காண்பது பற்றி அவரோடு பேசிய குருவும் எழுத்தாளருமான ஹென்றி நோவென், 1996 செப்டம்பர் 21ஆம் நாள், கர்தினாலுக்கு முன்பே இறந்துபோனார். ஆறுதல் சொன்னவர் முந்திக்கொண்டார். இதில் எவ்விதப் படிப்பினையும் கற்பிக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

நூலின் குறையையும் சொல்லவேண்டும். கர்தினாலுக்கு மனைவி மக்கள் இல்லை. முதிய தாய், ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்தும் இல்லத்தில் பாதுகாப்பாக இருக்கிறார். கட்டணம் செலுத்தும் சாளரம் நூலில் எங்கும் வருவதில்லை. அவர் பற்றை விட்டுவிடுதலைப் பற்றி எழுதும்போது, பதவியையும் புகழையும் தம் விருப்பத்தையும் விடுகிறார். ஆனைக்குட்டத்துப் பெண் விடவேண்டியதோ சனிக்கிழமைச் சம்பளம். அவள் மட்டுமன்று, துணைக்குப் போகும் கணவனும் அன்றைய கூலியை விடுகிறான். சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றாலும், மதுரைக்குப் பேருந்து மாறிப் போகும் செலவையும், பொதிகை விரைவு வண்டியில் இரவெல்லாம் உட்கார்ந்து சென்னைக்குப் போகும் செலவையும், ஆலையில் வாங்கிய முன்பணத்தையும் அது ஏற்பதில்லை. முதல்முறை நோய் வந்தபோது உறவினர் சேர்ந்து வருவார்கள். அக்கா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பார். சித்தி வந்து இரண்டு மாதம் வீட்டைப் பார்த்துக்கொள்வார். இரண்டாம் முறை அதே அக்காவிடம் கழற்றச் சங்கிலி இருக்காது. சித்திக்கும் மூட்டுவலி. திரும்பிய நோய் நோயாளியின் உடலை மட்டுமல்லாமல், அன்பின் கையிருப்பையும் சோதிக்கிறது. பெர்னார்தினின் அமைதி உண்மையான அமைதிதான். ஆனால் அது ஒற்றை மனிதனின் அமைதி. மனைவியின் தலைமுடி இரண்டாம் முறை உதிர்வதைக் கூட்டிப் பெருக்கும் கணவனுக்கு எந்த வகை அமைதி வேண்டும் என்று அந்நூலில் பதிலில்லை. அதை நம்மவர் ஒருவர்தான் எழுதவேண்டும்.

எழுதத் துணிபவருக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் திருவிவிலியத்திலேயே இருக்கிறது. எசேக்கியா அரசனை எடுத்துக்கொள்வோம். சாகப்போகிறாய் என்று எசாயா வழியாகச் செய்தி வருகிறது. அரசன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறான். பதினைந்து ஆண்டு கூட்டித் தரப்படுகிறது. புண்ணின்மேல் அத்திப்பழ அடை வைத்துக் கட்டவும் சொல்லப்படுகிறது. வேண்டுதல் கேட்கப்பட்டது என்பதற்காக மருந்து விலக்கப்படவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். அரசர்கள் இரண்டாம் நூல் (20ஆம் அதிகாரம்) நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறது. எசாயா நூலோ (38ஆம் அதிகாரம்) நலம் பெற்றபின் அரசன் எழுதியதாக ஒரு பாடலைச் சேர்க்கிறது. இதை நம் சாட்சிகளின் மூதாதை என்றே கொள்ளலாம். ஆனால் இதன் கட்டமைப்பு வேறு. பாடலின் முற்பகுதி நெடுக நோயின் வேதனையும் புலம்பலுமே. நன்றி பிற்பகுதியில்தான் வருகிறது. எழுதியவனோ தனக்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்று எண்ணித் தெரிந்துகொண்டவன். குணம் என்பது இங்கே தவணைதான், முடிவில்லை. அவன் அதை மறைக்காமலே நன்றி சொல்கிறான்.

அடுத்த அதிகாரம் இன்னும் கூர்மையானது. அரசன் நலம் பெற்றதைக் கேள்விப்பட்டுப் பாபிலோனிலிருந்து தூதர் வருகிறார்கள். அவனோ மகிழ்ச்சி மிகுந்து கருவூலத்தையெல்லாம் திறந்து காட்டிவிடுகிறான்; அதற்காக எசாயாவிடம் கண்டனம் பெறுகிறான். குணமடைந்தவனைப் பார்க்கக் கூட்டம் வரும்போது என்ன நேரும் என்பதை விவிலிய ஆசிரியர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

மாற்கு நற்செய்தியில் பெத்சாய்தா ஊரின் பார்வையற்றவரும் உண்டு (8:22-26). ஆண்டவர் தொட்டபின் அவருக்கு மனிதர் மரங்களைப் போல் தெரிந்தனர். மறுபடியும் தொட வேண்டியிருந்தது. மத்தேயுவும் லூக்காவும் இந்நிகழ்ச்சியைத் தங்கள் நூல்களில் சேர்க்கவில்லை. ஒரே தொடுதலில் முடியாத குணமளிப்பு அவர்களுக்குச் சங்கடமாக இருந்ததோ என்று அறிஞர் சிலர் ஐயுறுவர். மாற்கு விட்டுவைத்தார். அந்த ஊரார் முதல் தொடுதலோடு சாட்சி எழுதியிருந்தால் எப்படியிருந்திருக்கும்?

திருச்சபை தன் அளவில் இதில் வெகு நிதானமாகவே நடந்துவந்திருக்கிறது. லூர்து நகரில் 1883 முதல் மருத்துவக் குழு இயங்கிவருகிறது. அங்கு குணம் பெற்றதாகச் சொல்லி வந்தோர் ஆயிரக்கணக்கானவர். புதுமை என்று திருச்சபை ஏற்றவையோ எழுபதைச் சற்றே தாண்டியவை. குணம் உடனடியானதா, முழுமையானதா என்பதோடு, நிலைத்ததா என்பதையும் பார்த்த பின்னரே ஒப்புவார்கள். இடுப்பெலும்பில் புற்றுநோயுற்றிருந்த இத்தாலியப் படைவீரர் விட்டோரியோ மிக்கேலி 1963இல் லூர்துக்குச் சென்று நலம் பெற்றார். அது புதுமை என்று அறிவிக்கப்பட்டது 1976இல். பதின்மூன்று ஆண்டு காத்திருந்தார்கள். நாம் அடுத்த மாத இதழுக்கே அனுப்பிவிடுகிறோம்!

நம் பாட்டிமார் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று வழங்கிய திருவருட்சாதனத்தை இங்கே நினைவுகூர வேண்டும். அந்தச் சொல்லே சாவின் வாசனையோடு வந்தது. சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் நுழைந்தால், அந்த வீட்டில் அழுகை தொடங்கிவிடும். ஒருமுறைதான் வரும், அதுவே கடைசி என்று மக்கள் கருதினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதன் சடங்கைப் புதுப்பித்தார். பெயரும் ‘நோயில் பூசுதல்’ ஆயிற்று. சாகும் தறுவாயில் உள்ளவர்க்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாக்கப்பட்டது. தேறியவர் மறுபடியும் கடுமையாக நோயுற்றாலும், அதே நோய் முற்றினாலும், இதைத் திரும்பவும் பெறலாம் என்பது திருச்சபைச் சட்டம் (1004ஆம் எண்). திரும்பி வரும் நோயைத் திருச்சபையின் சட்ட நூல் அறிந்திருக்கிறது. அதற்கென ஒரு விதியே எழுதி வைத்திருக்கிறது. முதல் பூசுதல் பலிக்கவில்லையா என்று அந்த விதி எவரையும் கேட்பதில்லை. எண்ணெயை மறுபடி எடுத்துவரச் சொல்கிறது. நம் எழுத்து மட்டும் இன்னும் அவஸ்தைப் பூசுதல் காலத்திலேயே நிற்கிறது.

திருத்தந்தை புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1984 பிப்ரவரி 11ஆம் நாள் துன்பத்தின் பொருள் குறித்து வெளியிட்ட திருத்தூது மடலில், துன்புறுபவரைப் பற்றி நெடுகப் பேசிவிட்டுக் கடைசியில் நல்ல சமாரியரிடம் வந்து சேர்கிறார். அவ்வுவமையில் நான் அடிக்கடி மறந்துபோகும் ஒரு சிறு குறிப்பு உண்டு. சமாரியர் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறார். ஒரே தடவையில் கணக்குத் தீரும் என்று அவர் எண்ணவில்லை. நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையார் போன்றோர் முதல் அறுவைக்கு உதவித்தொகை திரட்டுவதை நாம் அறிவோம். இரண்டாம் முறைக்கு என்று தனியே ஒரு வரியை அவர்கள் கணக்கேட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதழாசிரியர்களிடம் கேட்பது இன்னும் எளியது. புற்றுநோயிலிருந்து நலம் பெற்றதாக வரும் சாட்சிகளை அச்சிடும்போது, சிகிச்சை முடிந்த மாதத்தையும் ஆண்டையும் சேர்த்து வெளியிடுங்கள். மருத்துவர் சொன்ன மாத்திரையையும் பரிசோதனையையும் எழுதியவர் தொடர்கிறார் என்றால் அந்த வரியைச் சுருக்கத்திற்காக வெட்டிவிடாதீர்கள். அவரிடமிருந்து சில ஆண்டு கழித்து இன்னொரு கடிதம் வந்தால், அதில் நோய் திரும்பிவிட்டது என்றிருந்தால், அதையும் அதே பக்கத்தில், அதே தலைப்பின் கீழ், அதே எழுத்தில் போடுங்கள். உடனிருந்து பார்த்துக்கொள்ளும் கணவரோ மகளோ எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நன்றியறிதல் பகுதியில் அதற்கு இடமுண்டா என்று தயங்குவோர், எசாயா 38ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.